சின்னவர் குப்பைத் தொட்டியில் இருந்த முப்பது நாட்கள்

கண்ணாடிக் கடைச் சின்னவர் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் குப்பைத் தொட்டிக்குப் போனார். அவரை அங்கே அனுப்பியது அவருடைய மனைவி. வேண்டுமென்று செய்ததல்ல, நேர்மையாக இருக்கப் போய் அப்படி ஆனது. அவரோடு சேர்த்து அன்று இன்னும் நாற்பது பதிவுகள் போயின. அவற்றில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு தையற்கடைகள், நகர மன்றம் எப்போதோ வெளியிட்ட வருத்தச் செய்தி ஒன்று ஆகியவை அடங்கும். மொத்தம் நாற்பத்தொன்று என்று பதிவேடு சொல்கிறது. நாற்பத்திரண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இன்னொன்று என்ன என்று கேட்டால் அவர்களுக்கு நினைவில்லை.

நகர மன்றத்தின் இணையதளத்துக்கு எட்டு வருடங்களுக்கு முன்னால் புது மென்பொருள் வந்தது. அதற்கு முன்பு ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டும் என்றாலும் தளத்தைக் கட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். புது மென்பொருளில் அப்படியில்லை. கடவுச்சொல் உள்ள யார் வேண்டுமானாலும் பக்கம் எழுதலாம், படம் சேர்க்கலாம், ‘வெளியிடு’ என்ற நீலப் பொத்தானை அழுத்தலாம். ஊரில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் குழாய்க்கும் தொழிலாளிக்கும் ஒரு பக்கம் எழுதப்பட்டது. இரண்டாம் வருடம், மருந்துக்கடை மூடும் நேரம் ஒன்பது என்பதற்குப் பதிலாக ஏழு என்று தவறாக ஏறிவிட்டது. அன்று முதல் மாலை ஏழு அடித்ததும் மருந்துக்கடைக்காரரின் கை, பாதி எண்ணிய மாத்திரையோடு அப்படியே நின்றது. எண்ணைத் திருத்தியதும் கை சரியானது. பூங்காவில் பன்னிரண்டு பெஞ்சுகள் இருந்தன. பூங்காவின் இணையப் பக்கத்தில் பதினான்கு என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் பதினான்கு இருந்தன, கூடுதல் இரண்டும் கொஞ்சம் ஈரமாக. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. மன்றம் கூடி, இனிமேல் கவனமாக எழுத வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட்டது.

கவனத்துக்காக இரண்டு விதிகள் வந்தன. எழுதுபவர் வெளியிடக் கூடாது. இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே பொத்தான். இது முதல் விதி. இரண்டாவது, யாரும் தன் குடும்பத்தாரின் பக்கத்தைத் திறக்கவே கூடாது, பார்ப்பதற்குக்கூட. இதற்குக் காரணம், முன்பு வேலையில் இருந்த எழுத்தர் தன் மாமனாரின் பக்கத்தில் ‘அதிகம் பேசமாட்டார்’ என்று ஒரு வரி சேர்த்ததுதான். மூன்று மாதம் பொறுத்துவிட்டு மாமியார் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். எழுத்தர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவள்தான் சின்னவரின் மனைவி. நாள் முழுவதும் பக்கங்களோடு கிடப்பதால் ஊரில் அவளுக்குப் பக்கக்காரி என்று பெயர். அவள் எழுதியதைச் சரிபார்த்துப் பொத்தானை அழுத்துபவர் ஸ்கேல் மேடம். கணினித் திரையில் வாசிக்கும்போதும் வரிக்குக் கீழே எஃகு ஸ்கேலை வைத்து வாசிப்பார். திரையில் அதற்கான கீறல்கள் உண்டு. ஆறு வருடத்தில் பக்கக்காரி இரண்டாம் விதியை ஒருமுறையும் மீறியதில்லை. கணவரின் பக்கம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

சின்னவரும் அவர் அண்ணன் பெரியவரும் இரட்டையர். பெரியவர் பதினொரு நிமிடம் மூத்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், கடையின் முன்னறையில் கண் பரிசோதிப்பவர். சின்னவர் பின்னறையில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்ப்பவர். இருவருக்கும் பக்கம் எழுதப்பட்டபோது படம் எடுக்க வந்தவர் ஒருவரை மட்டும் எடுத்துவிட்டு, “இன்னொருத்தருக்கும் இதுவே போதுமே” என்று போய்விட்டார். முகவரி ஒன்று, தொலைபேசி ஒன்று, பிறந்த தேதி ஒன்று. தளம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார்கள் வந்ததால், ஒன்றுபோல் உள்ள பக்கங்களைத் தேடி இணைக்கும் கூடுதல் கருவி ஒன்று மென்பொருளில் சேர்க்கப்பட்டது. அது நாற்பத்தொரு ஜோடிகளைக் கண்டுபிடித்தது. கண்ணாடிக் கடை ஜோடிக்கு நேரே ‘தொண்ணூற்று நான்கு சதவீதம் ஒன்று’ என்று போட்டிருந்தது.

பக்கக்காரி இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது ஜோடிகளையும் திறந்து வரிவரியாக ஒப்பிட்டாள். நாற்பத்தொன்றாவது தன் வீட்டுக் கடை என்று தலைப்பிலேயே தெரிந்தது. அதைத் திறக்கக் கூடாது. திறக்காமல் தனியே எடுத்து வைக்கலாம்தான். ஆனால் தன் வீட்டை மட்டும் விலக்கி வைப்பதும் ஒரு சலுகைதானே என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்பத்தொன்றையும் சேர்த்து அனுப்பினாள். ஸ்கேல் மேடம் நாற்பதைச் சரிபார்த்தார். நாற்பத்தொன்றாவதில், வீட்டுக்காரிக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினார். விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இன்னொரு அலுவலகம் இருந்திருந்தால் அங்கேயும் இதுவே நடந்திருக்கும். அப்படி இன்னொன்று இல்லை என்று சொல்கிறார்கள்.

பக்கக்காரி கைப்பேசியில் அலுவலகக் கணக்கைத் திறந்தபடியே மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பின்னறையில் சின்னவர் மடி நிறையப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். வந்த வாடிக்கையாளர்கள் காலி நாற்காலி என்று நினைத்து வைத்துவிட்டுப் போன பைகள்.

“என்னங்க, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

“அப்பாடா, உனக்காவது தெரியுதே. அண்ணன்கிட்ட நாலு தடவை பேசிட்டேன். தும்மல் வர்ற மாதிரி மூஞ்சியைச் சுளிக்கறார், அவ்வளவுதான். நான் இருக்கேனா இல்லையா? அதை முதல்ல சொல்லு.”

அவள் கைப்பேசியில் திறந்திருந்த கணக்கில் தேடிப் பார்த்தாள். “இருக்கீங்க.”

“எங்க?”

“குப்பைத் தொட்டியில.”

“யார் போட்டது?”

அவள் அவர் மடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

குப்பைத் தொட்டியின் நடைமுறை இப்படி. அதில் விழுந்தது முப்பது நாள் கிடக்கும். முப்பதாம் நாள் அதே மணி அதே நிமிடத்துக்கு நிரந்தரமாக அழியும். உள்ளே கிடப்பதை, அனுப்பியவருடைய கணக்கு மட்டுமே பார்க்க முடியும். வெளியே எடுக்கும் பொத்தானோ சரிபார்ப்பவர் கணக்கில் மட்டுமே உண்டு. ஆகவே பக்கக்காரிக்குக் கணவர் தெரிந்தார், எடுக்க முடியவில்லை. ஸ்கேல் மேடத்தால் எடுக்க முடியும், தெரியவில்லை. புதிதாக ஒரு பக்கம் எழுதிவிடலாமா என்றும் யோசித்தார்கள். புதுப் பக்கம் எழுதினால் புது ஆள் வருவார்; அவர் யாராக இருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

கைப்பேசியில் கணக்கு திறந்திருக்கும் வரைதான் அவள் கண்ணுக்கும் அவர் தெரிந்தார். இருபது நிமிடம் திரையைத் தொடாவிட்டால் கணக்கு மூடிக்கொள்ளும், பேச்சின் நடுவில் அவர் போய்விடுவார். அதனால் அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு விரலால் திரையைத் தொட்டபடியே இருந்தாள். காலையில் பல் தேய்க்கும் முன் கடவுச்சொல். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் துணி காயப்போடும்போது இன்னொருத்தியிடம், “இந்தக் காலத்துப் பொண்ணுக்குப் போன்தான் புருஷன்” என்று காதில் விழும்படியே சொன்னார். பக்கக்காரி மறுக்கவில்லை. சின்னவர் குப்பைத் தொட்டிக்குப் போனபோது எழுபத்திரண்டு கிலோ. நாளுக்கு இரண்டு கிலோ நானூறு வீதம் குறைந்தார். அவள் தினமும் காலையில் எடை பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்தாள். கணக்கு ஒருநாளும் பிசகவில்லை.

மற்ற நாற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் அவற்றைப் பற்றித்தான் பேசியது. இரண்டு பேருந்து நிறுத்தங்கள் ஒன்றானதால், வடக்கே நின்றவர்கள் தெற்கே ஏறினார்கள், யாருக்கும் தாமதமாகவில்லை. ஒன்றாகிப்போன தையற்கடைகளில் சட்டை கொடுத்தவர்களுக்கு மூன்று கை வைத்துத் திரும்பி வந்தது ஒரே ஒருமுறைதான். தண்ணீர்த் தொட்டி ஒன்று போனாலும் தண்ணீர் குறையவில்லை, சுவை மட்டும் இரண்டு பங்கானது என்றார்கள். வேறு சிலர் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். மன்றம் சொன்ன வருத்தம் எதற்காக என்று யாருக்கும் நினைவில்லாததால் அது போனதில் யாருக்கும் வருத்தமில்லை. கண்ணாடிக் கடையில் ஒருவர் இருந்தார், எப்போதும் ஒருவர்தான் இருந்தார் என்று ஊர் பத்து நாளில் நம்பத் தொடங்கியது. பக்கக்காரி தெருவில் போகும்போது, இவள் எதற்கு அந்தக் கடை வீட்டில் இருக்கிறாள் என்று யோசித்து, பதில் கிடைக்காமல், சரி இருக்கட்டும் என்று வணக்கம் சொன்னார்கள்.

இணைக்கும் கருவி ஒரு பக்கத்தை எறிவதற்கு முன், அதில் உள்ளதை எல்லாம் எஞ்சிய பக்கத்தில் சேர்த்துவிடும். அது கருவியின் சிறப்பம்சம் என்று விளக்கக் குறிப்பில் இருந்தது. அதன்படி தம்பியிடம் இருந்ததெல்லாம் அண்ணனிடம் சேர்ந்தது. மூன்றாம் நாள் பெரியவருக்குக் கண்ணாடி தேய்க்கத் தெரிந்தது. ஐந்தாம் நாள் இடது கட்டைவிரலில் தம்பிக்கு இருந்த வெட்டுத் தழும்பு வந்தது. பிறகு மற்றவையும் வந்தன: திருமண நாளில் செருப்பு கடித்தது, பிரசவ அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தது, குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியது. தான் செய்யாதவை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் தன் நினைவுகள்போலவே இருந்தன. அவர் தம்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். அவள் முன்வாசலில் வந்தால் பின்படியில் இறங்கினார்.

“அத்தான், நீங்க என்னைப் பார்த்துப் பேசி ஒன்பது நாள் ஆச்சு.”

“பார்த்தா ஞாபகம் வருதும்மா.” சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்கு வரக்கூடாத ஞாபகமெல்லாம் வருது. எனக்கு ஒரு தம்பி இருந்தானா?”

“இருக்கார். இதோ உங்க பக்கத்துலதான் நிக்கறார்.”

பெரியவர் பக்கவாட்டில் திரும்பி, அங்கே இருந்த காற்றுக்கு மரியாதையாகத் தலையை ஆட்டினார். தலையை ஆட்டியது தவறான பக்கம். சின்னவர் நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

ஸ்கேல் மேடத்திடம் பக்கக்காரி பன்னிரண்டாம் நாள் எழுதிக் கொடுத்தாள். அதற்கு முன்பே கொடுத்திருக்கலாம். குடும்பத்துக்காக மனு கொடுப்பதே இரண்டாம் விதிக்குள் வருமா என்று யோசித்து அத்தனை நாள் போய்விட்டது. மேடம் மனுவை ஸ்கேல் வைத்துப் படித்தார்.

“ரெண்டு பக்கம் இருந்துச்சு. ஒத்துக்கறேன். அதனாலதானே ஒண்ணை எடுத்தோம். ரெண்டு ஆள் இருந்தாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“என் வீட்டுக்காரர், மேடம். நான் பார்க்கறேன்.”

“நீ பார்க்கறேங்கறது உன் குடும்ப விஷயம். நான் பார்க்கணும், இல்லைன்னா குடும்பத்துக்கு வெளியில இருந்து தாள் வரணும். உனக்குன்னு விதியை வளைச்சா நாளைக்கு ஊர்ல ஆளாளுக்கு ஒரு புருஷனை எடுத்துக் கொடுங்கம்பாங்க.”

தனக்கு வேறுவிதமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று மேடம் பிற்பாடு சொன்னதாகக் கேள்வி. அவருடைய இரு கண்ணாடிகளையும் தேய்த்துக் கொடுத்தவர் சின்னவர்தான். அது அவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் மனுவைப் படித்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் சின்னவர். பதினைந்தாம் நாள், முப்பத்தாறு கிலோவில், அவர் பின்னறை அலமாரியைப் பார்த்தபடி சொன்னார்: கடையில் எந்த வேலை எடுத்தாலும் அட்டையில் நேர முத்திரை குத்துவது வழக்கம். முன்னறையில் பரிசோதனை அட்டைக்கு ஒரு முத்திரை இயந்திரம், பின்னறையில் தேய்ப்பு அட்டைக்கு இன்னொன்று. பல வருட அட்டைகள் செருப்புப் பெட்டிகளில் இருக்கின்றன. இணையதளம் சொல்வதை ஊர் கேட்கும்; காகிதம் கேட்காது. ஒரே நிமிடத்தில் இரண்டு அறையிலும் முத்திரை விழுந்திருந்தால், இரண்டு ஆள். ஆனால் அந்தப் பெட்டிகளைப் பக்கக்காரி கொண்டுபோனால் குடும்பத்தார் கொடுத்த தாளாகிவிடும். கடை உரிமம் பெரியவர் பெயரில் இருந்தது. கடைக்காரராக அவர் கொடுத்தால் செல்லும்.

அவள் பெரியவரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார். மறுநாள் கேட்டபோதும் பார்க்கலாம் என்றார். ஐந்து நாள் அப்படியே போனது. அவர் கெட்டவர் அல்ல. நாற்பத்திரண்டு வயது வரை மாடி அறையில் தனியாக ரொட்டி தின்றவர். இப்போது அவருக்குள் ஒரு திருமணமும் ஒரு பிரசவமும் ஒரு குழந்தையின் முதல் நடையும் இருந்தன. பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவை என்ன ஆகும் என்று கருவியின் குறிப்பில் எழுதியிருக்கவில்லை. அவர் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சின்னவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “திட்டலாம்னு பார்த்தேன். காது கேக்காதவர்கிட்ட திட்டி என்ன?” என்றார் மனைவியிடம்.

குட்டி என்று கூப்பிடப்பட்ட அவர்கள் மகளுக்கு ஐந்து வயது. ஊரில் கடைசியாக மறந்தது அவள்தான். முதல் வாரம் தினமும் அப்பா எங்கே என்று கேட்டாள். அப்பா இங்கேதான் இருக்கிறார் என்று அம்மா சொன்னபோது அலமாரிக்குப் பின்னால் தேடினாள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டாள். அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து கோணலாகப் போகும்போதெல்லாம் “நேரா, நேரா” என்பார். அவள் எழுத்து கோணலாகவே போகும். இருபத்தொன்றாம் நாள், பள்ளியிலிருந்து கூட்டி வர பெரியவர் போயிருந்தார். வாசலில் குட்டி ஓடி வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா, பசிக்குது” என்றாள். பெரியப்பா என்ற சொல்லின் முன்பாதி வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பெரியவர் அவளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டார். பிறகு அலமாரியைத் திறந்து பதினாறு செருப்புப் பெட்டிகளையும் கைவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு, அலுவலகம் மூடக் கால் மணி இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

“இதை ஏன் இன்னைக்குக் கொண்டு வந்தீங்க? மூணு வாரமா என்ன செஞ்சீங்க?” என்றார் ஸ்கேல் மேடம்.

“குழந்தை என்னை அப்பான்னு கூப்பிட்டுது. நல்லா இருந்துச்சு. அதான் கொண்டு வந்துட்டேன்.”

மேடத்துக்கு இது புரியவில்லை. ஆனாலும் பெட்டிகளை எண்ணி ரசீது கொடுத்தார்.

அவர் ஏழு நாள் அட்டைகளைப் படித்தார். இடது பக்கம் பரிசோதனை, வலது பக்கம் தேய்ப்பு, நடுவில் ஸ்கேல். ஒரே ஆள் முன்னறைக்கும் பின்னறைக்கும் ஓடி ஓடி வேலை செய்திருக்கலாம் என்று முதலில் நினைத்து, கடைக்குப் போய் இரண்டு இயந்திரங்களுக்கும் இடையில் தானே நடந்து பார்த்தார்: பதினேழு அடி, நடுவில் ஒரு கதவு. இரண்டாயிரத்து நூற்று ஏழு இடங்களில் ஒரே நிமிடத்து முத்திரை இரண்டு அறையிலும் இருந்தது. இதற்கிடையில், இருபத்தைந்தாம் நாளே, சின்னவர் பன்னிரண்டு கிலோவுக்கு வந்துவிட்டார். மின்விசிறி ஓடினால் நாற்காலியிலிருந்து நகர்ந்தார். சட்டைப் பையில் சாணைக் கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல் எடையைக் கழித்துத்தான் தாளில் எழுத வேண்டியிருந்தது.

இருபத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை மாலை, மேடம் பக்கக்காரியைக் கூப்பிட்டார். “ஒண்ணு ரெண்டுன்னா ஓடினாருன்னு சொல்லலாம். ரெண்டாயிரம் தடவை ஓடற ஆளுக்குக் கண்ணாடிக்கடை எதுக்கு? ரெண்டு ஆள்தான். எடுத்துடலாம். ஆனா இதைப் பாரு. நீ பார்க்கக் கூடாது, நானே படிக்கறேன்.” படித்தார். ஆதாரத் தாள் பதிவானதும் பக்கத்தின் எழுத்து மட்டும் அவர் திரையில் வந்திருந்தது. குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கும் பக்கம், கடைசியாகச் சேமிக்கப்பட்ட பதிப்பாகவே வரும். சின்னவரின் பக்கம் கடைசியாகச் சேமிக்கப்பட்டது ஆறு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், கடை நேரம் மாறியபோது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வேறு யாருக்கும் அதில் வேலையில்லை. மனைவி தொடக் கூடாது. அதில் இருந்தது: கண்ணாடி தேய்ப்பவர், திருமணமானவர், குழந்தைகள் இல்லை.

அன்று பக்கக்காரி வீட்டுக்கு வரும் வழியை இரண்டு முறை தவறவிட்டாள். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு கிலோ நானூறு எடையுள்ள கணவரோடு சமையலறையில் உட்கார்ந்தாள். எடுத்தால் அவர் ஆறு வருடத்தை மறந்த ஆளாக வருவார், குட்டியைத் தெரியாது. எடுக்காவிட்டால் நாளை பதினொன்று இருபதோடு எதுவுமே இல்லை. கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது. காலையிலிருந்து மதியம் வரை பேசியும் தீரவில்லை.

“ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம் நீ.”

“விதிங்க.”

“விதிதான்.” அவர் குரல் தாளை உரசுவதுபோல் இருந்தது. “நான் மறந்துட்டு வந்தா அவளுக்கு ஒரு ஆள் இருக்கும். இப்படியே போனா ஞாபகம் இருக்கும், ஆள் இருக்காது. ஞாபகம் மட்டும் போய் அவளை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வருமா?”

“உங்களுக்கு அவ யாருன்னே தெரியாதே.”

“அவளுக்கும் இப்ப என்னைத் தெரியலை. கணக்கு சரியாப் போச்சு.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிற்பகல் குட்டி வந்து சோறு தின்றபோது சின்னவர் எதிரில் உட்கார்ந்து அவள் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கக்காரி திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

புதன்கிழமை பத்து ஐம்பதுக்கு ஸ்கேல் மேடம் பொத்தானை அழுத்தினார். அந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது, கடைசியில் ‘2’ சேர்த்து வெளியிடவா என்று மென்பொருள் கேட்டது. சேர் என்றார். கடையின் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு சின்னவர் வந்தார்: எழுபது கிலோ, நரையில்லாத தலை, எப்போதோ கிழிந்து துடைப்புத் துணியாகிவிட்ட பச்சைச் சட்டை, கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலரில் சின்னதாக ஓர் இரண்டு. மனைவியைப் பார்த்து, “என்ன, ஒரே ராத்திரியில இப்படி இளைச்சுட்டே?” என்றார். பிறகு அன்று பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த குட்டியைப் பார்த்து, “கண்ணு டெஸ்ட் பண்ணணுமா பாப்பா? பெரியவர் முன்னாடி இருக்கார், போ” என்றார். குட்டி அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். முன்னறைக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி இவரைப் பார்த்தாள். “ரெண்டு இருக்கு” என்று அம்மாவிடம் சொன்னாள்.

பெரியவரிடம் சேர்ந்தது எதுவும் அவரை விட்டுப் போகவில்லை; கருவிக்குச் சேர்க்கத் தெரியும், பிரிக்கத் தெரியாது. ஊருக்கு, அந்தக் கடையில் எப்போதும் ஒருவர் இருந்ததும் நினைவிருந்தது, எப்போதும் இருவர் இருந்ததும் நினைவிருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். மன்றம் இரண்டாம் விதியைத் திருத்தியது: ஒவ்வொருவரும் தன் குடும்பத்தாரின் பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் திறந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கக்காரி முதல்முறையாகக் கணவரின் பக்கத்தைத் திறந்து, ‘குழந்தைகள் இல்லை’ என்பதை அழித்து, ‘ஒரு மகள்’ என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத அரை நாள் முயன்றாள். மேடம் ஸ்கேலை வைத்துப் படித்து வெளியிட்டார். அன்று முதல் சின்னவருக்குத் தனக்கு ஒரு மகள் என்று தெரிந்தது, சட்டை அளவு தெரிவதுபோல. அவள் காய்ச்சலில் என்ன உளறினாள், எந்த வார்த்தையை முதலில் சொன்னாள் என்பதெல்லாம் தெரியவில்லை.

அதைப் பெரியவர் சொல்லத் தொடங்கினார். தினமும் மாலையில் தம்பியைப் பரிசோதனை ஸ்டூலில் உட்கார வைத்து, ஆறு வருடத்தையும் முதலிலிருந்து நாள் நாளாகச் சொன்னார். சொல்லும்போது நான் என்று தொடங்கிவிட்டு நீ என்று திருத்திக்கொள்வார். குட்டி இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

“அஞ்சு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்… உட்கார்ந்திருந்தே. அப்புறம் நர்ஸ் வந்து கையில கொடுத்தாங்க.”

“அழுதேனா?” என்றார் சின்னவர்.

“அழுதே.”

“ரெண்டு பேரும் பொய்” என்றாள் குட்டி. “பெஞ்சுல தூங்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. நர்ஸ் ரெண்டு தடவை எழுப்பினாங்களாம்.”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “தூங்கினது யாரு?” என்றார் சின்னவர். அது மட்டும் உறுதியாகத் தெரியவில்லை என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் தான்தான் தூங்கியிருக்க வேண்டும் என்றார் சின்னவர். கதையை அந்த இடத்திலிருந்து, மகளைத் தன் பக்கம் நகர்த்தி உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

சொல்லிவரும் ஆறு வருடத்தில் இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறார்கள். கடையின் பக்கத்தில் நேரம் இப்படித் தரப்பட்டிருக்கிறது: காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பரிசோதனையும் தேய்ப்பும். ஆறு முதல் ஏழு வரை கடை திறந்திருக்கும், வேலை நடக்காது. அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பார், தம்பி கேட்டுக்கொண்டிருப்பார். காத்திருக்க பெஞ்சு உண்டு. அவசரம் என்றால் மணியை ஒருமுறை அடிக்கவும், மகள் வந்து பதில் சொல்வாள்.